துண்டுத்துணியும் தொப்பையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி அறையில், புதன்கிழமை பிற்பகல்களில் துண்டுத்துணிகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைக்கிறோம். குவில்ட் என்றால் இன்னும் சுலபமாகப் புரியும். தைத்துக்கொண்டே உடம்பைக் குறைப்பது பற்றியும் பேசுகிறோம், நிறையச் சிரிக்கிறோம். காய்கறிக் கடையிலும் அயோத்தியா மண்டபம் பக்கத்திலும் பார்க்கிறவர்கள் கேட்பதையும், புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பதையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இது தையல் வகுப்பா, டயட் வகுப்பா?

இரண்டும் இல்லை. வகுப்பு என்றால் டீச்சர் வேண்டும், ஃபீஸ் வேண்டும். இங்கே ஆளுக்கு ஒரு போர்வை, அவரவர் வேகம். கை வேலையில் இருந்தால் வாய் சும்மா இருக்காது. மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம், தண்ணீர் லாரி, மருமகள், மாமியார் எல்லாம் பேசித் தீர்த்த பிறகு பேச்சு முழங்கால் வலிக்கும் சர்க்கரைக்கும் வந்து நின்றது. ஒரு அக்கா தன் டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினார். மாத்திரைப் பெயர்களுக்குக் கீழே 'எடையைக் குறைக்கவும்' என்று ஒரு வரி. எப்படிக் குறைப்பது என்று அதில் இல்லை. அதே வரி எழுதிய சீட்டு இன்னும் பல கைப்பைகளில் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிசயமும் இல்லை. சென்னையில் இருக்கிற மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய 10-க்கு 4 பேருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது என்றது அது. எங்கள் அறையில் கணக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

எனக்கு ஊசியில் நூல் கோர்க்கக்கூட வராது. வரலாமா?

தாராளமாக. நூல் கோர்த்துத் தர எப்போதும் ஒரு ஆள் இருக்கும். முதலில் ஒன்பது சதுரம் சேர்த்து ஒரு கட்டம் தைக்கச் சொல்வோம், மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். அந்தக் கால் அங்குலம் ஒரே சீராக வந்துவிட்டால் பாதி வித்தை வந்த மாதிரி. அது வராமல் கட்டம் கோணலாகப் போனாலும் தூக்கிப் போட மாட்டோம். போர்வையில் வைத்துப் பார்த்தால் யார் கண்ணுக்கும் படாது. படும் என்று அடித்துச் சொல்கிற மாமி ஒருவர் இருக்கிறார். அவரைக் கண்டுகொள்ள வேண்டாம்.

துணிக்கு எங்கே போவது? செலவு ஆகுமே?

வீட்டுப் பீரோவில் தேடுங்கள். கொலுவுக்குப் போன வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ஜாக்கெட் பிட் எல்லாம் எங்கே இருக்கின்றன? எனக்கு வந்ததை உங்களுக்கு, உங்களுக்கு வந்ததை அவருக்கு என்று ஊரைச் சுற்றிவிட்டு, மூன்றாம் வருடம் அதே மஞ்சள் பூப்போட்ட பிட் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. ஓரத்தில் நான் வைத்த பால்பாயின்ட் புள்ளிகூட அப்படியே இருந்தது. இப்போது அது ஒரு போர்வையின் நடுக்கட்டம். இனிமேல் எங்கும் போகாது.

பருத்தியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் கலந்தது இஸ்திரிச் சூட்டில் சுருங்கும், தைக்கும்போது வழுக்கும். பழைய சுங்குடிப் புடவை, செட்டிநாட்டுப் புடவை அருமையாக இருக்கும். ஆனால் முதலில் தனியாக அலசிச் சாயம் போகிறதா என்று பாருங்கள். சிவப்புச் சுங்குடி ஒன்று பக்கத்து வெள்ளைக் கட்டங்களை எல்லாம் ரோஜாப்பூ நிறமாக்கிவிட்ட கதை இங்கே உண்டு. புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால் சௌகார்பேட்டை கோடவுன் தெரு. மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கும். தெருத் தையல்காரரிடம் வெட்டி விழுந்த துண்டுகளைக் கேட்டாலும் ஒரு பை நிறையத் தருவார்.

நடுவில் வைக்கப் பஞ்சு ஷீட் விற்கிறார்கள். சென்னைக்கு அது எதற்கு? மேலே ஒட்டுத்துணி, அடியில் பழைய புடவை, நடுவில் நைந்த வேட்டி, போதும். கனமும் குறைவு, துவைத்தால் அரை நாளில் காயும். வங்காளத்துக் காந்தாவும் இப்படிப் பழைய புடவை, வேட்டிகளை அடுக்கித் தைத்ததுதான். வெளிநாட்டு முறையில் நேர்த்தியாகச் செய்கிறவர்களும் இந்த ஊரில் நிறைய உண்டு. 2019-இல் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் சென்னையில்தான் நடந்தது.

வாராவாரம் எடை பார்ப்பீர்களா?

மாட்டோம். இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் ரயில் நிலையங்களில் கலர் பல்பு சுற்றுகிற எடை மெஷின் இருக்கும். காசு போட்டால் சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். எடை பொய், ஜோசியம் நிஜம் என்று சொல்லிக்கொண்டு அட்டையைப் பர்ஸில் வைப்போம். வீட்டு மெஷினையும் கிட்டத்தட்ட அந்த மரியாதையோடு நடத்துவது நல்லது. முந்தின நாள் ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் கூடப் போயிருந்தால் உடம்பில் நீர் தங்கி மறுநாள் ஒரு கிலோ ஏறிக் காட்டும். மாதவிலக்கு நாட்களில் ஏறும். மலச்சிக்கல் என்றால் ஏறும். இதில் எதுவும் கொழுப்பு இல்லை. பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில் பார்க்கட்டும். எத்தனை கிலோ என்று இங்கே வந்து சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

தைக்கிறவர்களிடம் அதைவிட நல்ல கருவி இருக்கிறது, இன்ச் டேப். இடுப்பு அளவு எடுக்கும் முறை இது: பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் எடுக்கக் கூடாது, அங்கே நாடா ஏற்கெனவே ஒரு பள்ளம் போட்டிருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில், நின்றுகொண்டு, சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில், டேப் அழுத்தாமல் எடுக்க வேண்டும். வயிற்றை எக்குவது செல்லாது. இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய முப்பத்தொன்றரை அங்குலம் வரம்பு. ஆண்களுக்கு 90. அதைத் தாண்டினால் சர்க்கரை, இதய நோய் அபாயம் கூடுகிறது என்று அர்த்தம். உயரத்துக்கு எடை பார்க்கிற பிஎம்ஐ கணக்கிலும் நமக்கு வரம்பு கீழே: 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் பருமன். உயரம் 5 அடி 1 அங்குலம் என்றால் 23 என்பது சுமார் 55 கிலோ, 25 என்பது 60 கிலோ. வெள்ளைக்காரர்களுக்குப் போட்ட அட்டவணையில் இவை 25, 30 என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'நான் நார்மல்தான்' என்று சந்தோஷப்பட வேண்டாம்.

நாங்கள் உண்மையில் நம்புவது ஜாக்கெட்டை. எந்தத் தையல்காரரும் பக்கவாட்டில் உள்ளே கூடுதல் துணி விட்டு, இரண்டு மூன்று தையல் போட்டுத்தான் கொடுப்பார். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்து விடுவோம். அப்புறம் இன்னொன்று. நம்மில் பலருக்கு இப்போது கடைசித் தையலில் ஜாக்கெட் நிற்கிறது. அதிலிருந்து ஒரு தையல் உள்ளே பிடிக்கிற நாள் வந்தால், அன்றைக்கு அறையில் கைதட்டல் உண்டு. எந்தக் கிலோவுக்கும் கைதட்டல் கிடையாது.

எத்தனை நாளில் எவ்வளவு இளைக்கலாம்?

வாரத்துக்கு அரைக் கிலோ போதும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி. வாரம் அரைக் கிலோ குறைய ஒரு நாளைக்குச் சுமார் 550 கலோரியைச் சாப்பாட்டிலும் நடையிலுமாகச் சேர்த்துக் கழிக்க வேண்டும். அதுவே லேசான வேலை இல்லை. 'பத்து நாளில் பத்து கிலோ' விளம்பரங்களில் முதலில் குறைவது பெரும்பாலும் நீர், கூடவே தசை.

இன்னொன்று, ஒல்லியாக வேண்டும் என்று அவசியமே இல்லை. இருக்கிற எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகளில் மாற்றம் தெரியும். 75 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 7 கிலோ, அவ்வளவுதான். கல்யாணத்தின்போது இருந்த எடைக்குப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களிடம், அந்த வயதுக்கும் போக முடியுமா என்று கேட்போம்.

சோற்றை விட்டுவிட வேண்டுமா?

சோற்றை விடச் சொன்னால் இந்த அறையில் பாதிப் பேர் அடுத்த வாரம் வர மாட்டார்கள். விட வேண்டாம். இடத்தைக் குறைத்தால் போதும்.

நம் தட்டைக் கவனியுங்கள். நடுவில் சோற்று மலை. ஓரத்தில் பொரியல், அளவு ஊறுகாயைவிடக் கொஞ்சம் அதிகம். பிறகு சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை சோறு. குழம்பு மிஞ்சினால் சோறு, சோறு மிஞ்சினால் குழம்பு. இந்த வரிசையில்தான் கணக்கு தப்புகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரி சாப்பாட்டுக்கு ஒரு நாள் அளவு சொல்லியிருக்கிறார்கள். காய்கறியும் கீரையும் 400 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், பழம் 100 கிராம். தானியம் சமைக்காத அளவு, அதிலேயே இட்லி, தோசை, உப்புமா எல்லாம் அடக்கம். அதாவது சமைக்குமுன் எடை போட்டால் காய், தானியத்தைவிடக் கூட இருக்க வேண்டும். நம் வீடுகளில் தலைகீழ்.

நாங்கள் கண்ட வழி: காயை முதலில் பரிமாறிக்கொள்வது. கூட்டோ பொரியலோ தட்டில் பாதி. சோறு ஒரே தடவை, ஒரு கிண்ணத்தில் அளந்து, அதையே மூன்றாகப் பிரித்துச் சாம்பார், ரசம், மோர். இரண்டாவது தடவை கரண்டி எடுப்பதாக இருந்தால் அது காய்க்கு. சாம்பாரில் அடியில் இருக்கிற பருப்பைக் கலக்கி ஊற்றுங்கள். தெளிவாக மேலே இருப்பதை ஊற்றிக்கொண்டு புரதம் சாப்பிட்டேன் என்று கணக்கு எழுத முடியாது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மீன் குழம்பு, முட்டை. மற்றவர்களுக்குப் பருப்பு, தயிர், சுண்டல், பயறு. புரதம் போதாமல் இளைத்தால் தசைதான் கரையும், நாற்பதுக்கு மேல் அதைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

சிறுதானியம் பற்றிக் கேட்கிறார்கள். வரகு, சாமை, தினை எல்லாம் நல்லவை, நார்ச்சத்து கூட. ஆனால் கலோரியில் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 'வரகு பொங்கல்தானே' என்று நெய் மிதக்க இரண்டு தட்டு சாப்பிட்டால் வரகின்மேல் பழி போடக் கூடாது.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, எண்ணெயில் 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரிக்கு மேல். தோசைக்கல்லைச் சுற்றி ஊற்றுகிற எண்ணெயை யாரும் அளப்பதில்லை. மாதம் ஆளுக்கு அரை லிட்டர் என்று பாக்கெட் கணக்கு வைத்துக்கொண்டோம். நாலு பேர் வீடு என்றால் இரண்டு லிட்டரோடு மாதக் கடைசி வரை ஓட்ட வேண்டும். இருபதாம் தேதியே தீர்ந்துவிடுகிற வீட்டில் அடுத்த பத்து நாளும் அவித்த கொழுக்கட்டைதான். சம்பளத்துக்கும் எண்ணெய்க்கும் ஒரே நாளில் காத்திருக்கிறோம் என்று ஒரு தோழி சொல்வார்.

ஃபில்டர் காபியை விட முடியாது. என்ன செய்ய?

யாரும் விடச் சொல்லவில்லை. சர்க்கரையைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி 5 கிராம், 20 கலோரி. டபராவுக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு மூன்று காபி என்றால் 30 கிராம். கூடுதலாகச் சேர்க்கிற சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காபியிலேயே அதைத் தாண்டியாகிவிட்டது, இன்னும் பிஸ்கட் பக்கம் வரவே இல்லை. ஒரே நாளில் நிறுத்தினால் வீட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுவீர்கள். வாரத்துக்குக் கால் கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள், நாக்கு பழகிவிடும். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் என்று மாற்றினால் கலோரி கணக்கில் பெரிய லாபம் இல்லை.

புதன்கிழமை என்ன சாப்பிடத் தருவீர்கள்?

முறை வைத்து ஒருவர் கொண்டு வருவார். பெரும்பாலும் சுண்டல், கொய்யா, வெள்ளரி, நீர்மோர். தை மாதத்தில் பனங்கிழங்கு, வெயிலில் நுங்கு. வடைக்குத் தடை இல்லை, நிபந்தனை உண்டு: கொண்டு வருகிறவர் அறையில் எத்தனை தலையோ அத்தனை வடை மட்டும் கொண்டு வர வேண்டும். மிஞ்சியதை 'வீணாப் போகுதே' என்று யாரும் எடுக்க முடியாது. வீட்டில் நம் எடை ஏறியதே மிச்சம் மீதியைத் தின்றுதான் என்பது இங்கே ஏகமனதான தீர்மானம்.

துணியில் எண்ணெய்க் கை படக் கூடாது என்பதால் தைக்கும்போது தட்டு பக்கத்தில் வராது. இந்தச் சட்டம் துணிக்காகப் போட்டது. உடம்புக்குத்தான் அதிகம் உதவுகிறது. வீட்டில் டிவி முன்னால் மிக்சர் டப்பாவோடு உட்காருகிற நேரத்துக்கு ஒரு கட்டத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டவர்கள் பலர்.

மணிக்கணக்காக உட்கார்ந்து தைத்தால் உடம்பு கூடத்தானே செய்யும்?

நியாயமான கேள்வி. தையல் உடற்பயிற்சி ஆகாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒட்டுப்போர்வையில் ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் துணியைத் திருப்பி இஸ்திரி போட்டு மடிப்பைப் படிய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலைகள் சேராது. மெஷின்கள் ஜன்னல் பக்கம், இஸ்திரி மேசை வாசல் பக்கம். ஒரு கட்டம் முடிவதற்குள் பல தடவை எழுந்து போய் வர வேண்டியிருக்கும். முதலில் எல்லாரும் முனகினார்கள். ஒரு சாமர்த்தியசாலி நாலு பேர் துணியைச் சேர்த்து ஒரே ஆளிடம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். இப்போது அவரவர் துணியை அவரவர்தான் கொண்டுபோக வேண்டும்.

வெட்டுவதும் நின்றுகொண்டுதான். அரை மணிக்கு ஒருமுறை யாராவது 'கழுத்து!' என்று கத்துவார்கள், எல்லாரும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுத் தோளைச் சுழற்றுவோம். கால் மெஷின் மிதிக்கிறவர்கள் நாங்கள் தனி ரகம் என்று பெருமை அடித்துக்கொள்வார்கள். மிதிக்கட்டும், ஆனால் அதை நடைக்கணக்கில் சேர்ப்பதில்லை.

நடை? சென்னை வெயிலில் எப்படி?

வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான வேகத்தில் நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு. அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை தர வேண்டும். மிதமான வேகம் என்றால் பேச முடியும், பாட முடியாது. எங்களால் எந்த வேகத்திலும் பேச முடியும் என்பதால் பாடிப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

வெயில் ஏறுவதற்குள், காலை ஆறு மணிக்கு இறங்கிவிடுங்கள். தி.நகர் நடேசன் பூங்கா, மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, பெசன்ட் நகர் கடற்கரை, எது பக்கமோ அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கிற ஆகாய நடைபாதை இருக்கிறது. 2023 மே மாதம் திறந்தார்கள், கிட்டத்தட்ட 570 மீட்டர், மேலே கூரை. கூட்டம் சேருவதற்கு முன் காலையில் போய் நாலு தடவை போய்வந்தால் நான்கரை கிலோமீட்டர். அந்தப் பக்கம் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் கணக்கு வேறு.

அக்னி நட்சத்திரத்தில் வீறாப்பு வேண்டாம். வீட்டுக்குள் நடங்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பதை மூன்று வேளை செய்யுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. கையால் ஊன்றாமல் எழ முடிகிறதா என்பதுதான் பரீட்சை.

தீபாவளி, கல்யாணம், மார்கழி கேன்டீன் இதற்கெல்லாம் என்ன வழி?

மார்கழியில் பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று கிளம்பிக் கேன்டீன் வரிசையில் நிற்பதை நாங்கள் எல்லாரும் செய்திருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு முறை வருகிற அக்கார அடிசிலை மறுக்கிற அளவுக்கு வைராக்கியம் யாருக்கும் இல்லை, வேண்டியதும் இல்லை. பிடித்தது எதுவோ அதை ரசித்துச் சாப்பிடுங்கள். பிடிக்காததை இலையில் விழுந்துவிட்டதே என்று சாப்பிடாதீர்கள். கல்யாணப் பந்தியில் இலையின் மேல் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து 'போதும்' சொல்லும் கலையை ஒரு மூத்த மாமி எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரு கை வைத்தால் மறுபக்கம் வழியாகப் பாயசம் வந்துவிடுமாம்.

தீபாவளி ஒரு நாள். அதற்கு முன்னும் பின்னும் டப்பாவில் இருக்கிற முறுக்குதான் மூன்று வாரம். பாதியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நவராத்திரியில் சுண்டல் நம் கட்சி.

பதினாறு மணி நேரம் பட்டினி கிடக்கும் முறை?

சிலருக்கு ஒத்துவருகிறது, ராத்திரி சீக்கிரம் சாப்பிடும் பழக்கம் வருகிறது. மொத்தக் கலோரி குறைவதால்தான் இளைக்கிறார்கள், வேறு மந்திரம் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளைச் சாப்பாட்டைத் தவிர்க்கவே கூடாது. சர்க்கரை அளவு திடீரென்று இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்களுக்கும் பட்டினி வேண்டாம். சஷ்டி, ஏகாதசி விரதம் உங்கள் பக்தி, ஆனால் விரதம் முடித்த ராத்திரி பலகாரத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இப்போது ஊசி வந்திருக்கிறதாமே?

எங்களிடம் இருப்பது ஒன்பதாம் நம்பர், பத்தாம் நம்பர் ஊசிதான். அதைக் குத்தினால் 'ஆ' என்பீர்கள், இளைக்க மாட்டீர்கள்.

நீங்கள் கேட்பது செமாக்ளூடைட், டிர்செபடைட் வகை. 2025-இல் எடைக் குறைப்புக்கும் இந்தியச் சந்தைக்கு வந்தன. பசியைக் குறைக்கின்றன, வேலை செய்கின்றன, அதில் சந்தேகம் இல்லை. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வருகிறது. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பி வருகிறது. டாக்டர் பார்த்து, பரிசோதனை செய்து எழுதித் தர வேண்டிய மருந்து. அண்டை வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்குகிற பொருள் அல்ல. டாக்டர் எழுதி ஒருவர் எடுத்துக்கொண்டால் அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை, இங்கே யாரும் ஏளனம் பேசக் கூடாது. பவுடர், 'மூலிகை' டப்பா, மூன்று வேளை ஷேக் விற்கிற தோழிகளுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: அறைக்கு வரலாம், டப்பா கீழேயே இருக்கட்டும்.

கொஞ்ச நாள் குறைந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது. ஏன்?

உடம்பு சின்னதானால் அதற்குத் தேவைப்படும் கலோரியும் குறையும். முன்பு இளைக்க வைத்த அதே சாப்பாடு இப்போது எடையை நிலைநிறுத்த மட்டும் போதும். கூடவே, கிண்ணம் நம்மை அறியாமல் பெரிதாகியிருக்கும். மறுபடி ஒரு வாரம் அளந்து பாருங்கள், நடையில் பத்து நிமிஷம் கூட்டுங்கள், தூக்கம் சரியா என்று கவனியுங்கள். தைராய்டு பார்த்து நாளாகியிருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை. அப்படியும் நின்றால் நிற்கட்டும். ஏறாமல் இருப்பதே பல வருஷமாக நடக்காத விஷயம்தானே.

இளைத்தால் 'என்ன, உடம்பு சரியில்லையா?' என்று கேட்கிறார்களே!

நம் ஊரில் அப்படித்தான். கன்னம் கொஞ்சம் வற்றினால் போதும், சித்தி போனில் அழுவார். பூசினாற்போல இருந்தால் 'இப்பத்தான் நல்லா இருக்கே' என்பார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு அக்காவை மூன்று உறவினர்கள் தனித்தனியாக ஓரம் கட்டி, 'உண்மையைச் சொல்லு, டாக்டர் என்ன சொன்னார்?' என்று கேட்டார்கள். 'புதுசா ஜாக்கெட் தைக்கச் சொன்னார்' என்றார் அவர். இப்போது நாங்கள் எல்லாரும் அந்தப் பதிலைத்தான் கடன் வாங்கிச் சொல்கிறோம்.

ஆனால் ஒன்று, முயற்சி செய்யாமலே எடை வேகமாகக் குறைந்தால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. உடனே டாக்டரிடம் போங்கள்.

கேலி செய்வீர்களா?

செய்வோம், தன்னைத்தானே. என் தொப்பையை நான் கேலி செய்யலாம், நீங்கள் செய்யக் கூடாது. 'குண்டு' என்று அடுத்தவரைச் சொன்னால் அன்றைக்குச் சிக்கெடுக்க வேண்டிய நூல்கண்டு எல்லாம் அவர் மடியில். இதுவரை விளையாட்டுக்குக்கூட யாரும் மீறியதில்லை. 'இதைச் சாப்பிடறியே' என்று அடுத்தவர் தட்டைப் பார்ப்பதும் கூடாது. ஒரு வாரம் தடுமாறியவர் அடுத்த வாரம் வராமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சாப்பாடு இல்லை, வெட்கம். வந்துவிட்டால் பாதி சரியாகிவிடும். வராதவருக்கு வியாழக்கிழமை காலை யாராவது போன் செய்வார்கள், 'உங்க கட்டம் ஒண்ணு இங்கேயே இருக்கு' என்று மட்டும் சொல்வார்கள். எடைப் பேச்சு எடுக்க மாட்டார்கள்.

ஆண்கள் வரலாமா?

தைக்கத் தயாராக இருந்தால் வரலாம். ஒருவர் வருகிறார், ஓய்வு பெற்றவர். கட்டங்களின் மூலை அவருக்குத்தான் மிகச் சரியாகச் சேருகிறது. அது பற்றி அறையில் லேசான புகைச்சல் உண்டு.

முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

துவைத்து இஸ்திரி போட்ட பருத்தித் துணி கொஞ்சம், துணிக்கென்று மட்டும் வைத்திருக்கும் கத்தரி, இன்ச் டேப், மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில். பேப்பர் வெட்டிய கத்தரியைக் கொண்டு வந்தால் மாமி முகத்தைப் பார்க்க முடியாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் நடையையும் சாப்பாட்டு மாற்றத்தையும் தொடங்குமுன் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஆரம்பிப்போம். லிஃப்ட் மூன்றாவது மாடி வரைக்கும்தான் வரும், அதற்கு மேல் இரண்டு மாடிக்குப் படிதான். அதைச் சரிசெய்யச் சொல்லி சங்கத்துக்கு நாங்கள் மனு கொடுப்பதாக இல்லை.